காகிதப்பூ போன்சாய்: கவாத்துக்கு நேரம் குறிப்பது எப்படி

பூக்கும் புதர்ச்செடியைப் போன்சாயாக வளர்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஆல், அரசு, இச்சி வளர்ப்பவர்களுக்கு அது வராது. அந்த மரங்களில் நுனி நீண்டால் வெட்டலாம், மறுபடி நீண்டால் மறுபடி வெட்டலாம். காகிதப்பூவில் அப்படி வெட்டிக்கொண்டே இருந்தால் மரம் கட்டுக்கோப்பாக நிற்கும், பூ மட்டும் வராது. "வருஷம் பூரா தளதளன்னு இருக்கு, ஒரு பூவைக் காணோம்" என்று சொல்லப்படும் மரங்களில் பலவற்றுக்கு உரக்குறையோ மண் கோளாறோ கிடையாது. பூ வைக்கவிருந்த நுனியைத் தவறான வாரத்தில் வெட்டியிருப்பார்கள்.

இந்தப் பதிவுக்கு எடுத்துக்கொண்டது சென்னை மொட்டைமாடியில் வளரும் ஒரு காகிதப்பூ, அதாவது நர்சரிகளில் போகன்வில்லா என்று கேட்டால் தருவது. அடிமரம் மண்மட்டத்தில் 9 செ.மீ. விட்டம், மொத்த உயரம் 40 செ.மீ., ஐந்து முதன்மைக் கிளைகள். தொட்டி 38 செ.மீ. நீளம், 28 செ.மீ. அகலம், 9 செ.மீ. ஆழம். மண்கலவையில் சலித்த செங்கல் துண்டு (3 முதல் 6 மி.மீ.) இரண்டு பங்கு, கரடான ஆற்றுமணல் ஒரு பங்கு, செம்மண் அரைப் பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. ஒரு நாளில் ஏழு மணி நேரம் நேர்வெயில் விழுகிறது. ஐந்து மணி நேரத்துக்குக் கீழே வெயில் கிடைக்கும் இடத்தில் இருக்கும் மரத்துக்குக் கீழே சொல்லப்போகும் கணக்கு எதுவும் பொருந்தாது. முதலில் இடத்தை மாற்றுங்கள்.

முள்ளைப் பார்த்தால் தெரியும்

ஒரு கணுவைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் மூலையில் மேலாக ஒரு முள் நிற்கும். அந்த முள்ளுக்கும் காம்புக்கும் நடுவில் பச்சையாகச் சின்னஞ்சிறு மொட்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கீழே இருக்கும் இந்த மொட்டுதான் வெட்டியபின் கிளையாக வரும். முள் நிற்கும் இடம் வேறு கதை. காகிதப்பூவில் முள்ளும் பூங்கொத்தும் ஒரே முளையிலிருந்து வருபவை. பகல் நீண்டு, தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாக இருந்தால் அந்த முளை முள்ளாக இறுகிவிடும். பகல் குறைந்து, வெயில் நன்றாக விழுந்து, வேர் கொஞ்சம் வறண்டால் அதுவே பூங்கொத்தாக விரியும்.

இதிலிருந்து கவாத்துக்கு, அதாவது கிளை வெட்டும் வேலைக்கு, இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, பூ வருவது புதிய தளிரில். முற்றிய பழைய கிளையை எவ்வளவு பாதுகாத்தாலும் அதில் நேராகப் பூ வராது. அதிலிருந்து புதிதாக ஒரு தளிர் கிளம்பியாக வேண்டும். எனவே வெட்டுவது பூவுக்குத் தேவையான வேலை. இரண்டு, அந்தத் தளிர் முள் வைக்கும் கட்டத்தைத் தாண்டிப் பூ வைக்கும் கட்டத்துக்கு வர நாள் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் நுனியைக் கிள்ளினால் அடுத்த கணுவில் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

பகல் நீளம் என்றதும் வடநாடுகளில் இருக்கும் பெரிய வித்தியாசத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். சென்னையில் ஜூன் மாத நீண்ட பகலுக்கும் டிசம்பர் மாதக் குறுகிய பகலுக்கும் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அதனால்தான் நம்மூரில் கோடையிலும் இது பூக்கிறது. இங்கே வறட்சியும் வெயிலும் பகல் நீளத்தைவிட அதிகம் பேசும். குளிர்நாட்டுக்கு எழுதிய அட்டவணையை அப்படியே பின்பற்றினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

உருவக் கவாத்து வேறு, பூக் கவாத்து வேறு

இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பாதி மரங்கள் வீணாகின்றன. உருவக் கவாத்தில் தடித்த கிளையை எடுப்போம், உயரத்தைக் குறைப்போம், கம்பி கட்டுவோம். ஆண்டுக்கு ஒரு முறை போதும். பூக் கவாத்தில் பென்சிலைவிட மெல்லிய தளிர்களை மட்டும் தொடுவோம், ஒவ்வொரு பூச்சுற்று முடிந்ததும்.

உருவக் கவாத்துக்குச் சமவெளியில் நல்ல நேரம் ஆனி பிற்பாதியிலிருந்து ஆடி முதல் வாரம் வரை. கோடைப் பூ முடிந்திருக்கும். கத்திரி வெயிலின் கொடுமை தணிந்திருக்கும். மண் சூடாகவே இருப்பதால் வேர் வேகமாக வேலை செய்யும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. காகிதப்பூவின் மரக்கட்டை கெட்டியானது அல்ல. வெட்டுமுகத்தைப் பார்த்தால் வளையம் வளையமாக, இடையிடையே சோறு போன்ற மென்பகுதி தெரியும். அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு அழுகும். ஐப்பசியில் 2 செ.மீ. தடிமனுள்ள கிளையை வெட்டினால் அந்தக் காயம் கார்த்திகை வரை காயாது. தை பிறக்கும்போது விரலால் அழுத்தினாலே உள்ளே போகும்.

கோவைப் பக்கம் ஆனி, ஆடியில் காற்று பலமாக அடிக்கும். அங்கே உருவக் கவாத்தை மாசிப் பூ முடிந்ததும், பங்குனியிலேயே செய்துவிடுவது மேல். புதுத்தளிர் காற்றில் ஒடிவது குறையும்.

ஆனி மாத வேலை

கருவிகள்: கூரான கவாத்துக் கத்தரி, கான்கேவ் கட்டர் (வெட்டிய இடம் குழிவாக வரும் போன்சாய் வெட்டி), சிறு ரம்பம், கனமான தோல் கையுறை, ஸ்பிரிட், 1.5 மி.மீ. மற்றும் 2.5 மி.மீ. அலுமினியக் கம்பி. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே ஸ்பிரிட்டில் துடைப்பது, அழுகல் இருக்கும் கிளையில் கைவைத்த பிறகாவது கட்டாயம்.

வெட்டுவதற்கு முதல்நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு வைத்தோம். காய்ந்த மரத்தை வெட்டினால் நுனியிலிருந்து பின்னோக்கிக் காய்வது அதிகமாகும்.

மேலிருந்து தொடங்கினோம். காகிதப்பூவில் உச்சிக்குத்தான் பலம். மேல்கிளைகள் கொழுத்துக்கொண்டே போகும், கீழ்க்கிளைகள் மெலியும். எனவே உச்சியில் இருந்த தளிர்களை ஒரு கணு, இரண்டு கணு விட்டு வெட்டினோம். நடுக்கிளைகளில் மூன்று கணு. கீழ்க்கிளைகள் இரண்டும் மெலிந்திருந்ததால் அவற்றின் நுனியைத் தொடவே இல்லை, நீளமாக ஓடவிட்டோம். கிளையைத் தடிக்கவைக்க ஒரே வழி அதை வளரவிடுவதுதான். சீனாவின் குவாங்தோங் வட்டாரத்து லிங்னான் மரபில் கம்பியை நம்பாமல் இப்படியேதான் கிளையமைக்கிறார்கள்: ஒரு துண்டு வேண்டிய தடிமனுக்கு வரும்வரை ஓடவிட்டு, ஒன்றிரண்டு கணு விட்டு வெட்டி, அதிலிருந்து கிளம்பும் அடுத்த துண்டை மறுபடி ஓடவிடுவது. காகிதப்பூவுக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது, ஏனென்றால் முற்றிய கிளை வளையாது, முறியும்.

எந்தக் கணுவுக்கு மேலே வெட்டுவது என்பதில்தான் உருவம் இருக்கிறது. இலைகள் தண்டில் மாற்றி மாற்றி வருவதால் ஒவ்வொரு கணுவும் வேறு திசையைப் பார்க்கும். கிளை எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பார்க்கும் கணுவைத் தேர்ந்து, அதற்கு மேல் 1 செ.மீ. விட்டு வெட்ட வேண்டும். கணுவை ஒட்டி வெட்டினால் காய்வது மொட்டைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். 1.5 செ.மீ.க்கு மேல் தடிமனுள்ள கிளையில் 2 முதல் 3 செ.மீ. குச்சியாகவே விடுங்கள். புதுத்தளிர் முற்றி, குச்சி எதுவரை காய்ந்திருக்கிறது என்று தெளிவான பிறகு, இரண்டு மூன்று மாதம் கழித்து, கான்கேவ் கட்டரால் சீராக்கலாம். முள்ளைக் கிள்ளிவிடுவது வேலைக்கு வசதி, அதனால் மொட்டுக்குச் சேதமில்லை. ஆனால் முள்ளைத் தண்டோடு ஒட்டச் சீவாதீர்கள், கீழே இருக்கும் மொட்டும் சேர்ந்து போகும்.

இன்னொன்றைக் கவனமாகச் செய்ய வேண்டும். ஒரு பழைய கிளையில் இருக்கும் எல்லா இலைகளையும் எடுத்து மொட்டைக் குச்சியாக விட்டு, மரத்தின் மற்ற பகுதியில் மட்டும் இலைகளை விட்டுவைத்தால், அந்தக் குச்சியை மரம் கைவிட்டுவிட வாய்ப்பு அதிகம். சாறு முழுவதும் இலை இருக்கும் பக்கமே ஓடும். மொட்டை அடிப்பதென்றால் மரம் முழுவதையும் அடிக்கலாம். நல்ல வேர் இருந்தால் எல்லாப் பக்கமும் துளிர்க்கும். ஒரு கிளையை மட்டும் குறைப்பதென்றால் அதில் ஒரு சின்னத் தளிரையாவது உயிரோடு விட்டுவையுங்கள்.

கம்பி கட்டியது பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறிக்கொண்டிருந்த தளிர்களில் மட்டும். இந்தப் பதத்தில் வளைத்தால் சொன்னபடி கேட்கும். மூன்று வாரத்திலேயே கம்பி பதியத் தொடங்கிவிடும் என்பதால் வாராவாரம் பார்த்து, பதியும் அறிகுறி தெரிந்ததும் வெட்டி எடுக்க வேண்டும். சுற்றிப் பிரித்தால் தளிர் உரியும்.

காயத்துக்கு என்ன பூசுவது

சிறு வெட்டுகளுக்கு எதுவும் தேவையில்லை. 1 செ.மீ.க்கு மேற்பட்ட காயத்துக்குப் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசை. ஒரு மரத்துக்கு 10 கிராம் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) 10 கிராம் சுட்ட சுண்ணாம்பும் 100 மி.லி. தண்ணீரும் போதும். மயில்துத்தத்தை 50 மி.லி. தண்ணீரில் பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் கரைக்க வேண்டும்; இரும்புப் பாத்திரம் ஆகாது. சுண்ணாம்பை இன்னொரு பாத்திரத்தில் மீதி 50 மி.லி.யில் நீற்றி ஆறவைத்துக்கொண்டு, இரண்டையும் கலக்க வேண்டும். துருவில்லாத இரும்புக் கத்தி நுனியை ஒரு நிமிடம் அதில் முக்கி எடுங்கள். செம்பழுப்பாக எதுவும் படிந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். படியாமல் இருந்தால் பூசலாம். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும்.

வெள்ளை மரப்பசை பூசுகிறவர்கள் உண்டு. கோடையில் அது காரியம் ஆகும், மழையில் இளகிவிடும்.

பெரிய காயம் மூடிக்கொள்ளும் என்று இந்த மரத்தில் காத்திருக்காதீர்கள். பட்டையின் விளிம்பு மெல்லத்தான் உருளும், பாதி வழியில் நின்றும் போகும். காயத்தைச் சற்றுச் சாய்வாகச் செதுக்கித் தண்ணீர் வழிந்தோட விட்டால் போதும். குழியாக விட்டால் தேங்கும் தண்ணீர் அடிமரம் வரை இறங்கும்.

தொட்டி மாற்றுவதையும் இந்த மாதத்திலேயே வைத்துக்கொள்ளலாம், ஆனால் வெட்டிய அன்றே வேண்டாம். கணுக்களில் பச்சை வீங்கித் தெரிந்த பிறகு, அதாவது பத்துப் பதினைந்து நாள் கழித்து மாற்றினோம். காகிதப்பூ வேர் பட்டென்று ஒடியும். கொக்கியால் கோதக் கூடாது. மரக்குச்சியால் மண்ணைத் தட்டித் தட்டி உதிர்க்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேரை எடுக்கவில்லை. மாற்றியபின் இரண்டு வாரம் வலைநிழல். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை செய்தால் போதும். வேர் தொட்டியை நிறைத்திருக்கும்போதுதான் இது நன்றாகப் பூக்கும்.

பூ எப்போது வேண்டும்? அங்கிருந்து பின்னால் எண்ணுங்கள்

பூக் கவாத்துக்கு நாள் குறிக்க ஒரே நம்பகமான வழி இதுதான். குளிர்காலக் கணக்கு: வெட்டிய நாளிலிருந்து மொட்டு உடைய இரண்டு வாரம். தளிர் 15 செ.மீ. வளர மூன்று முதல் நான்கு வாரம். தண்ணீரைக் குறைத்துக் காயவிடுவது (விவரம் கீழே) இரண்டு வாரம். நிறம் ஏற ஒரு வாரம். ஆக எட்டிலிருந்து ஒன்பது வாரம். கோடையில் ஒவ்வொன்றும் வேகமாக நடப்பதால் ஆறேழு வாரத்தில் முடிந்துவிடும். நடுவில் ஒரு முறை நுனி கிள்ளினால் இரண்டு மூன்று வாரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பொங்கலுக்கு மரம் நிறைய நிறம் வேண்டுமென்றால் கடைசி வெட்டு நவம்பர் இரண்டாவது வாரத்தோடு நிற்க வேண்டும். மழை நாள்கள்தான், ஆனால் இங்கே தொடுவது மெல்லிய தளிர்களை மட்டும். இரண்டு நாள் மழை ஓய்ந்த இடைவெளியில் வெட்டினால் சேதமில்லை. டிசம்பரில் கத்தரியை எடுக்கவே கூடாது. அந்த மாதத்தில் தளிர்கள் நீண்டு, கோணல்மாணலாகத் தொங்கி, மரம் பார்க்க அலங்கோலமாகத்தான் இருக்கும். அதைத் தாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும். நவம்பரில் வெட்ட மறந்திருந்தாலும் டிசம்பரில் திருத்தப் போகாதீர்கள். நீண்ட தளிர் நுனியில் பூத்துவிட்டுப் போகட்டும், பிறகு வெட்டலாம்.

தைப் பூ ஏறத்தாழ மூன்று நான்கு வாரம் நிறத்தோடு நிற்கும். வண்ணமாகத் தெரிவது பூவடிச் செதில், அதாவது பூவைச் சுற்றி நிற்கும் நிறமேறிய இலை. உள்ளே குழல் மாதிரி வெள்ளையாக இருப்பதே பூ. அந்த வெள்ளைக் குழல் வாடிச் சுருங்கியபின்னும் செதில் நிறம் மாறாமல் கொஞ்ச நாள் இருக்கும். செதில் வெளுத்துக் காகிதமாகக் காய்ந்து உதிரத் தொடங்கியதுமே வெட்ட வேண்டும். எல்லாம் உதிரட்டும் என்று காத்திருந்தால் அடுத்த சுற்று அத்தனை நாள் தள்ளிப்போகும். பூத்த தளிர் ஒவ்வொன்றையும் அது கிளம்பிய இடத்திலிருந்து இரண்டு கணு விட்டு வெட்டினோம். கூட்டமாக நின்ற இடத்தில் ஒன்றை அடியோடு எடுத்தோம். உள்ளே வெயில் விழாவிட்டால் அடுத்த முறை நுனியில் மட்டும்தான் பூ இருக்கும், நடு மரம் வெறுங்கிளையாகத் தெரியும்.

மகாரா வகைப் பலசெதில் காகிதப்பூவில் இன்னொரு வேலை உண்டு. அதன் செதில்கள் தாமாக உதிராது, பழுப்பாகிக் கொத்தாகத் தொங்கும். ஒவ்வொரு கொத்தையும் கத்தரித்தே ஆக வேண்டும். திம்மா போன்ற, இலையில் மஞ்சள் கலந்த வகையில் முழுப்பச்சை இலையோடு ஒரு போத்து கிளம்பினால் அதைப் பார்த்தவுடன் அடியோடு எடுத்துவிடுங்கள். அதற்குப் பலம் அதிகம். விட்டால் ஓராண்டில் மரம் முழுவதும் பச்சையாகிவிடும்.

கிள்ளுவது எப்போது, நிறுத்துவது எப்போது

வெட்டியபின் வரும் தளிர் ஐந்தாறு இலை விட்டு 10 செ.மீ. ஆனதும் நுனியை ஒரு முறை கிள்ளினால் இரண்டு மூன்று பக்கக்கிளை வரும். பூ வைக்கும் நுனியும் அத்தனை மடங்காகும். ஆனி வெட்டுக்குப் பிறகு ஆடியிலும் ஆவணியிலும் ஒவ்வொரு முறை கிள்ளலாம். பூ வேண்டும் என்று நினைத்திருக்கும் சுற்றில் அதிகபட்சம் ஒரே ஒரு கிள்ளல்.

நுனி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் நிச்சயமாகத் தெரியும். வளர்ச்சிக் கட்டத்தில் கணுவிடை நீளமாக இருக்கும், நுனி இலைகள் செம்பு நிறத்தில் மெதுவாக விரியும், இலை மூலையில் கிளம்புவது ஒற்றை முனையாக வழவழவென்று இருக்கும். அது முள். பூக்கட்டத்தில் கணுவிடை குறுகத் தொடங்கும். மூலையில் கிளம்பும் முளையின் நுனி கடுகளவு தடித்து, மூன்றாகப் பிரிந்து, மெல்லிய ரோமத்தோடு தெரியும். அதைப் பார்த்த பிறகு கிள்ளுவது, கம்பி கட்டுவது, தொட்டியை வேறு பக்கம் கொண்டுபோய் வைப்பது எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

காயவிடுதல்

தளிர் 15 செ.மீ. தொட்டதும் தண்ணீரை நிறுத்தினோம். எத்தனை நாள் என்று எண்ணாமல் இலையைப் பார்க்க வேண்டும். இந்த அளவுத் தொட்டி கோடையில் ஒரே பகலில் காய்ந்துவிடும். மார்கழியில் இரண்டு மூன்று நாள் எடுக்கும். நுனியிலுள்ள இளந்தளிர் தலைகவிழ்ந்து, முற்றிய இலை இன்னும் விறைப்பாக இருப்பதுதான் பதம். அப்போது வழக்கத்தில் பாதித் தண்ணீர். மறுபடி கவிழும்வரை விட வேண்டும். இப்படி இரண்டு வாரம். முற்றிய இலையும் சுருண்டு மொறமொறப்பானால் எல்லை தாண்டிவிட்டது. இலை கொட்டும், மெல்லிய கிளைகளும் சேர்ந்து போகலாம்.

மொட்டு கண்ணில் பட்டதும் பழையபடி தண்ணீருக்குத் திரும்பிவிட வேண்டும். இதைப் பலர் தவறவிடுகிறார்கள். மொட்டு வந்த மகிழ்ச்சியில் இன்னும் காயவிட்டால் அது நிறம் ஏறாமலே உதிரும்.

உரமும் இதே கணக்கில்தான். தளிர் 3 செ.மீ. வந்தபின் 19:19:19 உரம் (எண்கள் தழை, மணி, சாம்பல் சத்தின் சதவீதம்) லிட்டருக்கு 2 கிராம், வாரம் ஒரு முறை, மூன்று வாரம். காயவிடத் தொடங்கும் முன்பே அதை நிறுத்திவிட்டு 0:52:34 லிட்டருக்கு 1 கிராம், பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை. காய்ந்த மண்ணில் உரத்தண்ணீர் ஊற்றக் கூடாது, வேர் கருகும். முதலில் வெறும் தண்ணீர், பிறகு உரம். கடலைப் பிண்ணாக்குக் கரைசல் ஆடி, ஆவணியில் நல்லது. கார்த்திகையில் கொடுத்தால் பூவுக்குப் பதிலாக ஒரு முழத் தளிரும் முள்ளும்தான் கிடைக்கும்.

சரியாகப் போகாதபோது

மழைக்காலத்தில் தொட்டியை ஒரு பக்கம் இரண்டு விரல் உயர்த்திச் சாய்த்து வையுங்கள். இந்தக் காலத்தில், நவம்பர் பூக் கவாத்தைத் தவிர, அடிமரத்திலிருந்து நேராகக் கிளம்பும் கொழுத்த போத்துகளை மட்டும், அவை பச்சையாக இருக்கும்போதே விரலால் ஒடித்து எடுக்கலாம். ஒடித்த இடம் வெட்டிய இடத்தைவிட மறுபடி துளிர்ப்பது குறைவு.

பழைய காயம் கறுத்து மெத்தென்றிருந்தால் மழை விட்டதும் கெட்டியான கட்டை வரும்வரை சுரண்டி எடுத்து, வெயிலில் ஒரு வாரம் காயவிட்டு, போர்டோ பசை பூச வேண்டும். ஈரத்தோடு பூசினால் அழுகலை உள்ளே வைத்து மூடியதாகிவிடும்.

வெட்டி மூன்று வாரமாகியும் துளிர் வராத கிளையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் காத்திருக்கலாம். பழுப்பென்றால் பச்சை தொடங்கும் இடம்வரை பின்வாங்கி வெட்ட வேண்டும்.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து ஏறவில்லை. ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீர் விடும் மாடிகளில் இது சாதாரணம். செலேட் வடிவ இரும்புச்சத்தைப் பொட்டலத்தில் போட்ட அளவில் கொடுத்து, முடிந்தபோதெல்லாம் மழைநீரை ஊற்றினால் அடுத்து வரும் தளிர் சரியாக இருக்கும். வெளுத்த மரத்தை முதலில் தேற்றுங்கள், கவாத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெட்டியபின் வரும் மென்தளிரில் மாவுப்பூச்சி சேரும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., கரைவதற்குச் சில துளி சோப்புக் கரைசல், மாலை நேரத்தில் இலையடியில் படும்படி தெளிக்க வேண்டும். நடுவெயிலில் தெளித்தால் தளிர் கருகும்.

மற்றச் செடிகளுக்கு இதே கணக்கா?

புதுத்தளிரில் பூப்பவை எல்லாவற்றுக்கும் பின்னோக்கி எண்ணும் முறை பொருந்தும். வாரக்கணக்கு மட்டும் மாறும். செம்பருத்தி, இட்லிப்பூ, மாதுளை, காமினி எல்லாம் இந்தக் கூட்டம்தான். இட்லிப்பூவில் பூங்கொத்து தளிரின் நுனியிலேயே உட்கார்வதால் தொடர்ந்து கிள்ளுவது அதைத்தான் அதிகம் பாதிக்கும். மல்லிகை விவசாயிகளுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்: குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்து, மார்ச்சிலிருந்து பூ எடுக்கிறார்கள்; முல்லைக்குக் கவாத்து ஜனவரி கடைசியில். தொட்டியில் இருக்கும் மல்லிகைப் போன்சாய்க்கும் மாதம் அதேதான், உயரம்தான் வேறு.

ஊட்டி, கொடைக்கானல் குளிரில் அசேலியா வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு ஆகாது. அசேலியா அடுத்த ஆண்டுக்கான மொட்டை இந்த ஆண்டுத் தளிரின் நுனியில் பல மாதம் முன்கூட்டியே வைத்துவிடும். ஜப்பானில் சாட்சுகி அசேலியா மே இறுதியிலும் ஜூனிலும் பூக்கிறது. பூ முடிந்த உடனே கவாத்து. தாமதித்தாலும் ஜூலை நடுவுக்குள் முடித்துவிடுவார்கள். அதன்பிறகு வெட்டுவது ஒவ்வொன்றும் அடுத்த ஆண்டுப் பூ. வாடிய பூவோடு கீழே இருக்கும் விதைப்பையையும் சேர்த்துக் கிள்ளி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பலமெல்லாம் விதைக்குப் போகும். கிளைகளின் பலமும் அங்கே தலைகீழ். அசேலியாவுக்கு அடிப்பக்கம்தான் கொழுக்கும், உச்சி மெலியும். காகிதப்பூவில் உச்சியை ஒட்ட வெட்டிக் கீழ்க்கிளையை விட்டுவைத்தோம். அசேலியாவில் கீழ்க்கிளையை நன்றாகக் குறைத்து, உச்சியில் கூடுதலாக இலை விட்டு லேசாக வெட்ட வேண்டும்.